ஓடுகிறவனை ஓட விடுங்கள்

செங்கல்பட்டு மாவட்ட அரசுப் பள்ளிகளில் மாதம் ஒருமுறை பிள்ளைகளுக்குப் படம் போட்டுக் காட்டும் ஆசிரியர்களுக்கு,

நானும் உங்கள் ஆள்தான். 31 வருஷம் வாத்தியார் வேலை பார்த்து ஓய்வுபெற்று, திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். 2022இல் மாதம் ஒரு சிறார் படம் என்று பள்ளிக்கல்வித் துறை திட்டம் கொண்டுவந்ததிலிருந்து, கூப்பிட்ட பள்ளிக்கெல்லாம் திரை கட்டவும் புரொஜக்டர் வைக்கவும் போய்வருகிறேன். விடுமுறை நாட்களில் கடற்கரைக் குப்பங்களிலும் படம் போடுகிறேன். பெரும்பாலும் ஊமைப் படங்கள். அதிலும் ஒருத்தன் முன்னால் ஓட, ஊரே பின்னால் ஓடும் துரத்தல் படங்கள். அவற்றுக்காக உங்களிடம் வாதாடத்தான் இதை எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு பள்ளியில் பஸ்டர் கீட்டன் நடித்த ‘காப்ஸ்’ போட்டார்கள். முடிந்ததும் அந்த ஆசிரியர் வருத்தத்தோடு சொன்னார்: “ஐயா, இது நூறு வருஷத்துப் படம். இந்தக் காலத்துப் பசங்களுக்கு எடுபடாதுங்க. பத்தாவது நிமிஷமே பேச ஆரம்பிச்சிட்டாங்க.” பேசினார்கள் என்பது உண்மை. நானும் கடைசி பெஞ்சில்தான் இருந்தேன். ஆனால் அன்று என்ன நடந்தது? பகல் இரண்டு மணி. பாதி ஜன்னல் திறந்து கிடந்தது. வெளிச்சத்தில் படம் சுவரோடு சுவராக வெளுத்துப்போயிருந்தது. லேப்டாப்பின் சின்ன ஸ்பீக்கரில் பியானோ கீச்சிட்டது. திரையில் ஆட்கள் எறும்புக்கூட்டம் கலைந்ததுபோலத் தறிகெட்டு ஓடினார்கள். போதாக்குறைக்கு ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, “இப்ப பாருங்க, ஏணி சாயப் போகுது” என்று நடக்கப்போவதை எல்லாம் முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் பேசாமல் என்ன செய்வார்கள்?

படம் பழசாகிவிடவில்லை. போடுகிற விதம்தான் அதைக் கெடுக்கிறது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

முதலில் வேகம். அந்தக் காலத்துக் கேமராவைக் கையால் சுற்றினார்கள். ஒரு சுற்றுக்கு 8 படம், நொடிக்கு இரண்டு சுற்று, ஆக நொடிக்கு 16 படம். ஆளுக்கு ஆள், காட்சிக்குக் காட்சி இது மாறும். 18, 20, 22 என்றும் போகும். பேசும் படம் வந்த பிறகுதான் நொடிக்கு 24 என்று நிலைத்தது. 16இல் எடுத்ததை 24இல் ஓட்டினால் ஒரு நிமிஷத்து நடை 40 நொடியில் முடிந்துவிடும். பழைய படம் என்றாலே ஆட்கள் வெட்டி வெட்டி நடப்பார்கள் என்று நமக்குப் பதிந்துபோனதற்கு இதுவே காரணம். அப்படி யாரும் நடக்கவில்லை. நம் வீட்டு ஆட்களைப் போலத்தான் நடந்தார்கள்.

இணையத்தில் கிடைக்கும் பிரதிகளில் சிலவற்றைத் திருத்தி வைத்திருக்கிறார்கள், பலவற்றைத் திருத்தவில்லை. எது எது என்று கண்டுபிடிக்க எனக்கு வழி காட்டியது கொக்கிலமேட்டில் ஒரு பெண்பிள்ளை, ஆறாம் வகுப்பு. மீன் ஏலக்கூடத்துச் சுவரில் சாப்ளினின் ‘தி அட்வென்ச்சரர்’ போட்டிருந்தேன். 1917இல் வந்த படம், ஆரம்பமே கடற்கரைதான். ஓடத் தொடங்கிய அரை நிமிஷத்தில் அவள் எழுந்து வந்து, “சார், அலை ஏன் இவ்ளோ அவசரப்படுது?” என்றாள். அப்போதுதான் நானும் அலையைப் பார்த்தேன். ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு அலை தெரியவில்லை. கடலோடு வளர்கிற பிள்ளைக்கு முதலில் தெரிந்தது அதுதான். நிறுத்திவிட்டு வேகத்தை 0.75 என்று வைத்தேன். அலை தன் நிதானத்துக்கு வந்தது. சாப்ளினும் மனுஷனானார்.

அன்றிலிருந்து எந்த ஊமைப் படமானாலும் முதலில் தனியாகப் போட்டு, ஓடாத ஒன்றைத் தேடிப் பார்க்கிறேன். கடல் இருந்தால் அலை, இல்லாவிட்டால் புகை, குதிரையின் நடை, தெருவில் தன்பாட்டுக்குப் போகும் ஒரு பாட்டி. அவர்கள் சரியாக இருந்தால் படம் சரியாக இருக்கிறது. ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். துரத்தல் காட்சி வந்தால் சாப்ளினும் கீட்டனும் கேமராவைக் கொஞ்சம் மெதுவாகச் சுற்றவைப்பார்கள், ஓட்டம் சற்று வேகமாகத் தெரிவதற்காக. அது அவர்கள் கணக்குப் போட்டுச் செய்தது, உப்புப் போடுவதுபோல. நாம் தப்பாக ஓட்டினால் அதன்மேல் இன்னொரு கைப்பிடி உப்பு அள்ளிப் போட்டதாக ஆகிவிடும்.

கொக்கிலமேட்டுக்கே திரும்புகிறேன். சாப்ளின் சிறையிலிருந்து தப்பிய கைதி. காவலர்கள் துப்பாக்கியோடு கரையெங்கும் தேடுகிறார்கள். ஒரு காவலர் களைத்துப்போய் உட்காருகிறார். பக்கத்திலேயே மணல் மெல்ல அசைகிறது, ஒரு தலை எழும்புகிறது. மூக்குக்கு நேரே துப்பாக்கியைப் பார்த்ததும் அந்தத் தலை அலறவில்லை, ஓடவில்லை. மணலை வாரித் தன்மேல் தானே போர்த்திக்கொள்ள ஆரம்பிக்கிறது. சென்னையில் ஒரு குளிர்சாதன அரங்கில் இதே படத்தைப் பார்த்திருக்கிறேன். அங்கே புன்னகைத்தார்கள். இங்கே ஏலக்கூடமே கூரை அதிரச் சிரித்தது. வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த பெரியவர்களும் கையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். ஏனென்றால் மணலுக்குள் கழுத்துவரை புதைந்து விளையாடாத பிள்ளை அந்தக் குப்பத்தில் இல்லை. உலர்ந்த மணல் நிற்காமல் சரிந்துகொண்டே இருக்கும் என்பது அவர்கள் உடம்புக்குத் தெரியும். அவன் எவ்வளவு வாரினாலும் மூடாது என்று அவனுக்கு முன்னால் அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்து அவன் மேட்டின்மேல் ஏறிக் கீழே வருகிற காவலர்மேல் கல்லாக எடுத்து எறிகிறான். இன்னொரு கல்லுக்காகப் பின்னால் கையை நீட்டித் துழாவுகிறான். கையில் தட்டுப்படுவது இன்னொரு காவலரின் பூட்ஸ். திரும்பிப் பார்க்காமலே புரிந்துகொண்டு, அந்தப் பூட்ஸின்மேல் மண்ணை அள்ளி மூடுகிறான். பார்க்காவிட்டால் இல்லை என்றாகிவிடும் என்பதுபோல. வகுப்பில் கேள்வி கேட்கப்போகிறோம் என்று தெரிந்ததும் பிள்ளைகள் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைப்பார்களே, அது நினைவுக்கு வந்தது எனக்கு.

இப்போது ஒரு நாய்க் கதை. இதை நான் ரசித்து ரசித்து எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1901இல் இங்கிலாந்தின் ஹோவ் நகரில் ஜேம்ஸ் வில்லியம்சன் என்பவர் ‘ஸ்டாப் தீஃப்’ என்று ஒரு குட்டிப் படம் எடுத்தார். மூன்றே காட்சிகள். இறைச்சிக்கடைப் பையனிடமிருந்து ஒரு நாடோடி இறைச்சியைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறான், பையனும் நாய்களும் துரத்துகிறார்கள், அவன் ஒரு பீப்பாய்க்குள் ஒளிகிறான். அதற்கு ஆறு வருஷம் முன்னால் லூமியேர் சகோதரர்கள் எடுத்த தோட்டக்காரன் படத்தில் குறும்பு செய்துவிட்டுப் பையன் ஓடியதும் தோட்டக்காரர் அவனைப் பிடித்து, கேமராவுக்கு நேராக இழுத்துக்கொண்டு வந்துதான் அடிப்பார். கேமரா நகராது, அதனால் ஓட்டம் திரும்பி வந்தாக வேண்டும். வில்லியம்சன் படத்திலோ ஓட்டம் ஒரு காட்சியிலிருந்து வெளியேறி அடுத்த காட்சிக்குள் நுழைகிறது. தெரு முடிந்து இன்னொரு தெரு. சினிமாவுக்கு ஊர் கிடைத்தது அப்படித்தான்.

1907இல் பாரிஸில் பாத்தே நிறுவனம் இதையே தலைகீழாக்கியது. இறைச்சியைத் திருடுவது நாய், துரத்துவது போலீஸ்காரர்கள். தெருத்தெருவாக, சுவர்மேல்கூட ஏறித் துரத்துகிறார்கள். கடைசியில் நாய் திரும்பி நிற்கிறது. இனி போலீஸ் முன்னால், நாய் பின்னால். பிள்ளைகளுக்கு இதைப் போட்டால் நாய் திரும்பி நிற்கும் அந்த இடத்தில் வருகிற கூச்சல் இருக்கிறதே, அதைக் கேட்டுப் பாருங்கள்.

இதை முதல்முறை பார்த்தபோது எங்கேயோ கேட்ட கதையாக இருக்கிறதே என்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இரண்டு நாள் கழித்துப் புத்தக அலமாரியைத் துடைக்கும்போது பிடிபட்டது. மகேந்திரவர்மப் பல்லவனின் ‘மத்தவிலாசப் பிரகசனம்’. ஏழாம் நூற்றாண்டு. நம் செங்கல்பட்டிலிருந்து பஸ் ஏறினால் போய்விடக்கூடிய காஞ்சிபுரத்துத் தெருவில் நடக்கும் நாடகம். கள் மயக்கத்தில் இருக்கும் காபாலிகத் துறவி ஒருவன் தன் மண்டையோட்டுப் பாத்திரத்தைக் காணோம் என்று தேடுகிறான். அதில் சுட்ட இறைச்சி இருந்தது. ஆகையால் எடுத்தது ஒன்று நாயாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பௌத்தத் துறவியாக இருக்க வேண்டும் என்று முடிவு கட்டி, வழியில் வந்த துறவி நாகசேனனைப் பிடித்து இழுக்கிறான். தள்ளுமுள்ளு, பஞ்சாயத்து, ஊர்ச் சிரிப்பு. கடைசியில் ஒரு பித்தன் அந்தப் பாத்திரத்தோடு வருகிறான். அவன் அதைப் பிடுங்கியது ஒரு நாயிடமிருந்து!

இறைச்சி, நாய், தெரு, தப்பான ஆளைப் பிடிப்பது. எல்லாம் இருக்கிறது. பாரிஸ்காரர்கள் இதைப் படித்திருக்க வழியில்லை. திருவனந்தபுரத்தில் கணபதி சாஸ்திரி இந்த நாடகத்தை அச்சேற்றியதே 1917இல்தான், சாப்ளின் மணலுக்குள்ளிருந்து தலையை நீட்டிய அதே வருஷம். அதுவரை கேரளத்துச் சாக்கியார்கள்தான் அதை ஆடி ஆடிக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். ஒருவரை ஒருவர் அறியாமலே காஞ்சியிலும் ஹோவிலும் பாரிஸிலும் மனிதர்கள் ஒரே நாயைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். ஊமைப் படம் நமக்கு அந்நியம் என்று யாராவது சொன்னால் இந்த நாயை அவிழ்த்துவிடுங்கள். செங்கல்பட்டை ஒட்டிய வல்லத்தில் மகேந்திரன் காலத்துக் குடைவரை இருக்கிறது. பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டுபோய் இந்தக் கதையைச் சொல்லலாம்.

வில்லியம்சனுக்கும் நமக்கும் இன்னொரு சொந்தமும் உண்டு. அவர் பிறகு படம் எடுப்பதை விட்டுவிட்டுக் கேமரா செய்து விற்கப் போனார். முதல் உலகப் போர்க் காலத்தில் சென்னையில் ‘கீசக வதம்’ எடுத்த ஆர். நடராஜ முதலியார் கையால் சுற்றியது வில்லியம்சன் கேமராதான். தென்னிந்தியாவின் முதல் கதைப்படம் அது. இன்று ஒரு அடி பிலிம்கூட இல்லை. நம் ஊமைப் படங்கள் ஏறக்குறைய எல்லாமே அழிந்துபோயின. ‘மார்த்தாண்ட வர்மா’ மாதிரி ஒன்றிரண்டுதான் புனே ஆவணக் காப்பகத்தில் மிஞ்சியிருக்கின்றன. எனக்கு இது தீராத துக்கம். சொந்த வீட்டுப் பெட்டி தொலைந்துபோன பிறகு பக்கத்து வீட்டுப் பெட்டியைத் திறந்து பார்ப்பதுபோலத்தான் பிள்ளைகளுக்கு நாம் அமெரிக்கப் படத்தையும் பிரெஞ்சுப் படத்தையும் காட்டுகிறோம்.

எல்லாப் பழைய படமும் இன்றைக்கு நிற்கும் என்று சொல்லவரவில்லை. மேக் சென்னட் 1912இல் தொடங்கிய கீஸ்டோன் கம்பெனியின் போலீஸ் கூட்டம் உலகப் புகழ் பெற்றது. சரித்திரத்துக்காக ஒன்று பார்க்கலாம். அதற்குமேல் எனக்கே அலுக்கிறது. எதற்கு ஓடுகிறார்கள் என்று தெரியாமல் எல்லோரும் ஓடுகிறார்கள், விழுகிறார்கள், கார் மோதுகிறது. யாருக்கும் வலிப்பதில்லை, யாருக்கும் பயமில்லை. பயப்படாதவன் ஓடினால் அது உடற்பயிற்சி. பிள்ளைகள் அதை மூன்று நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுகிறார்கள். இன்று கையில் இருக்கும் செல்போனில் ஒருவர் வழுக்கி விழும் ரீல்ஸ் ஆயிரம் பார்க்கிறார்கள் அவர்கள். வெறும் விழுதல் அவர்களுக்குப் புதிதில்லை. அவர்கள் பார்க்காதது, விழுவதற்கு முன்னால் அந்த ஆள் நடந்து வந்த தூரம். வாழைப்பழத் தோல் எங்கே கிடக்கிறது, அவன் எங்கே வருகிறான், அவனுக்குத் தெரியாதது நமக்கு எப்படித் தெரிகிறது. கீட்டன் இதையெல்லாம் ஒரே சட்டத்துக்குள், வெட்டாமல், தள்ளி நின்று காட்டுவார். ஓடுகிறவனும் துரத்துகிறவனும் ஒரே காட்சியில் தெரிகிறார்களா என்று பாருங்கள். தெரிந்தால் அந்தப் படம் இன்னும் நூறு வருஷம் ஓடும்.

அவருடைய ‘தி ஜெனரல்’ படத்தை ரயில்வே குடியிருப்புப் பிள்ளைகளுக்குப் போட்டுப் பாருங்கள். 1926இல் எடுத்தது, நீராவி எஞ்சினை எஞ்சின் துரத்தும் கதை. செங்கல்பட்டு ஜங்ஷனில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குத் தண்டவாளம் என்றால் விளையாட்டு மைதானம் மாதிரி. எஞ்சினின் முன்பக்கத்தில் கீட்டன் உட்கார்ந்திருக்கிறார், நெஞ்சோடு ஒரு ஸ்லீப்பர் கட்டையை அணைத்துக்கொண்டு. எதிரே தண்டவாளத்தின் குறுக்கே இன்னொரு கட்டை. வண்டி நிற்காது. கையிலிருக்கும் கட்டையை ஓங்கி, அந்தக் கட்டையின் ஒரு நுனியில் போடுகிறார். அது எகிறி விழுந்து வழிவிடுகிறது. அவ்வளவுதான், இரண்டு நொடி. நெம்புகோல் பாடம் நடத்த இதைவிட நல்ல படம் எனக்குத் தெரியாது. ஆனால் அதைச் சொல்லிக் கெடுக்காதீர்கள். அடுத்த வாரம் பாடத்தில் நெம்புகோல் வரும்போது அவர்களே சொல்வார்கள்.

இதே படத்தில் நாயகன் நிற்கும் பக்கம், அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்கச் சண்டையிட்ட பக்கம். பெரிய வகுப்புப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லியே ஆக வேண்டும். கீட்டனின் ‘செவன் சான்சஸ்’ படத்தில் ஒரு வெள்ளைக்காரர் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பின வேலைக்காரராக வருகிறார், நிறத்தை வைத்தே சிரிப்பு மூட்டப் பார்க்கிறார்கள். அந்த இடங்கள் அன்றைக்கும் அநியாயம்தான், இன்றைக்கும் அநியாயம்தான். நம் படங்களிலும் நிறத்தை, பருமனை, திக்குவாயைக் கேலி செய்து வந்ததற்குக் குறைவில்லை என்பதையும் சேர்த்தே பேசுங்கள். ஓட்டம் பழசாகவில்லை. ஏளனம்தான் அழுகிப்போயிருக்கிறது. அழுகிய துண்டை நறுக்கிவிட்டு மீதியைப் பரிமாறலாமா என்று கேட்டால், அதைக் காட்டிப் பேசுவதே நல்லது என்பேன்.

இனி எழுதப்போவது எனக்கு எழுதக் கஷ்டமானது. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு பள்ளியில் படம் போட்டுவிட்டு வந்த மறுநாள், ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் மதில்மேலிருந்து குதித்து மணிக்கட்டை முறித்துக்கொண்டான். முந்தின நாள் திரையில் கூரைக்குக் கூரை தாவியதை அவன் பார்த்திருந்தான். கட்டுப் போட்ட கையோடு என்னைப் பார்த்துச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தப்பு அவனுடையதில்லை. நான் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் இரண்டு விஷயம் சொல்கிறேன். ஹெரால்ட் லாயிட் என்ற ஊமைப்பட நடிகர் 1919இல் பொம்மைக் குண்டு என்று நினைத்துக் கையில் பிடித்தது வெடித்து, வலதுகையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் இழந்தார். நீங்கள் புகைப்படத்தில் பார்த்திருப்பீர்கள், உயரக் கட்டடத்தில் கடிகார முள்ளைப் பிடித்துத் தொங்குவாரே, அந்த 1923ஆம் வருஷத்துப் படத்தில் அவர் கையில் இருப்பது விரல் வைத்துத் தைத்த கையுறை. கீட்டன் ‘ஷெர்லாக் ஜூனியர்’ படத்தில் ரயில்வே தண்ணீர்த் தொட்டியிலிருந்து கொட்டிய தண்ணீரின் வேகத்தில் தண்டவாளத்தில் விழுந்து கழுத்தெலும்பு முறிந்து, அது தெரியாமலே நடித்துக்கொண்டிருந்தார். பல வருஷம் கழித்து எக்ஸ்ரேயில்தான் டாக்டர் கண்டுபிடித்தார். இதைச் சொன்னால் சிரிப்பு குறைந்துவிடும் என்று பயந்தேன். குறையவில்லை. இன்னும் கூர்ந்து பார்க்கிறார்கள். திரையில் விழுவது நிஜ உடம்பு என்று தெரிந்ததும் ஓர் அமைதி வருகிறது. அதற்குப் பிறகு வெடிக்கும் சிரிப்பு வேறு மாதிரி.

‘காப்ஸ்’ படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அதில்தானே ஆரம்பித்தேன். அதே படத்தை, 1922இல் வந்தது, இருபது நிமிஷம்கூட ஓடாது, சதுரங்கப்பட்டினத்தில் ஒரு மொட்டைமாடியில் இருட்டியதும் போட்டேன். போலீஸ் ஊர்வலத்துக்குள் ஒரு ஏமாளி இளைஞன் வண்டியோடு மாட்டிக்கொள்கிறான். யாரோ எறிந்த குண்டு அவன் வண்டியில் வந்து விழுகிறது. அதில் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு தூக்கி எறிகிறான். அதிலிருந்து நகரத்துப் போலீஸ் முழுவதும் அவன் பின்னால். பெரிய தெருவில் ஒற்றை ஆளாக அவன் ஓடிவருவான். தெரு காலியாக இருக்கும். ஒரு கணம் கழித்து மூலையிலிருந்து கறுப்பு வெள்ளம்போல நூற்றுக்கணக்கில் சீருடைகள் திரும்பும். மாடியில் இருந்தவர்கள் மூச்சை இழுத்துப் பிடித்தது எனக்குக் கேட்டது.

கடைசியில் அவன் எல்லாப் போலீஸையும் ஸ்டேஷனுக்குள் தந்திரமாகப் பூட்டிவிட்டு வெளியே வருகிறான். அவன் விரும்பும் பெண் அந்தப் பக்கம் வந்து, அவனைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாள். அவன் சாவியை எடுத்து, தானே கதவைத் திறக்கிறான். கைகள் அவனை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. முடிவு அட்டையில் ஒரு கல்லறை, அதன்மேல் சாய்ந்த தொப்பி. மாடியில் ஒரு சத்தமும் இல்லை. “அவனே ஏன் சார் உள்ள போனான்?” என்று ஒரு பையன் கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த அவன் அக்கா, “போடா, உனக்குப் புரியாது” என்றாள். கீழே இறங்கிப் போகும்வரை அவர்கள் அதைப் பற்றியே பேசிக்கொண்டு போனார்கள். எடுபடாத படம் என்று நாம் முடிவு கட்டியது இதைத்தான்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் ஊருக்கு வெளியே டூரிங் டாக்கீஸ் இருந்தது. தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து அதன்மேல் உட்காருவோம். ஒருநாள் ‘காதலிக்க நேரமில்லை’ ஓடிக்கொண்டிருக்கையில் சவுண்ட் போய்விட்டது. நாகேஷ் தன் அப்பா பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சி. முதலில் விசில், கூச்சல். பிறகு ஒவ்வொருவராக அடங்கினோம். பாலையாவின் முகம் ஓடிக்கொண்டிருந்தது. கண் அகலுவதும், கன்னம் நடுங்குவதும், பயத்தை மறைக்கப் பார்த்துத் தோற்பதும். ஒரு வார்த்தை கேட்காமல் கொட்டகை முழுக்கச் சிரித்தது. இன்று பிள்ளைகள் வடிவேலுவின் படத்தைச் சத்தமே இல்லாமல் மீமாக அனுப்பிச் சிரிக்கிறார்களே, அதுவும் இதே சிரிப்புத்தான். 2001இல் வந்த ‘ஃப்ரெண்ட்ஸ்’ படத்தில் அவர் நடித்த நேசமணியின் தலையில் விழுந்த சுத்தியல் 2019இல் சிரிக்க வைத்தது மொழி தெரிந்தவர்களை மட்டுமா?

அதனால், ஒலியை அணைத்துவிடுங்கள். இது என் அனுபவத்தில் மிக முக்கியமானது. இந்தியச் சட்டப்படி ஒரு படத்தின் காப்புரிமை 60 வருஷம், ஆகவே இந்தப் படங்களைக் காட்ட யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. ஆனால் பின்னாளில் சேர்த்த இசை வேறொருவருடையதாக இருக்கலாம். அது வேண்டாம், பிள்ளைகளே வாசிக்கட்டும். அந்தக் காலத்தில் நம் ஊர்க் கொட்டகைகளில் ஆர்மோனியமும் தபலாவும் வைத்துக்கொண்டு, ஒருவர் எழுத்து அட்டைகளைத் தமிழில் சத்தமாகப் படித்துச் சொல்வார். நீங்களும் ஒரு பிள்ளையைப் படிக்க வையுங்கள். நம் பக்கத்தில் பம்பை இல்லாத ஊர் உண்டா? பம்பைக்காரர் வீட்டுப் பையன் உங்கள் வகுப்பில் கட்டாயம் இருப்பான். மதிப்பெண் பட்டியலில் அவன் பெயர் மேலே வந்திருக்காது. கொக்கிலமேட்டில் அப்படி ஒருவன் வாசித்தான். காவலர் நடந்தால் ஒரு தாளம், கைதி பதுங்கினால் விரல் நுனியில் ஒரு கிசுகிசுப்பு, பூட்ஸ் கையில் தட்டுப்பட்ட கணத்தில் சட்டென்று நிறுத்தம். அந்த நிறுத்தத்தை அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கூத்தில் கட்டியக்காரன் விழும்போது அவன் அப்பா அப்படித்தான் நிறுத்துவாராம்.

முடிந்தால், படம் போடுவதற்கு முந்தின வாரம் பிள்ளைகளை மாமல்லபுரத்துக்குக் கூட்டிப்போங்கள். அர்ச்சுனன் தபசுப் பாறையில் ஒரு முனிவர் ஒற்றைக்காலில் கைகளை மேலே தூக்கி நிற்கிறார், விலா எலும்பு தெரிய. வலப்பக்கம் பெரிய யானையின் காலடியில் ஒரு பூனையும் அதேபோல் முன்னங்காலைத் தூக்கி நிற்கிறது. சுற்றிலும் எலிகள் பக்தியோடு. அடுத்த கணம் என்ன நடக்கும் என்று சிற்பி செதுக்கவில்லை. துரத்தல் தொடங்குவதற்கு முந்தின நொடியோடு உளியை வைத்துவிட்டான். “மிஸ், எலிங்க ஓடிடுமா?” என்று கேட்பார்கள். கேட்கட்டும்.

பிறகு வெண்ணெய் உருண்டைப் பாறை. அதை யாரும் தள்ளாமல் போனதில்லை. கையை வைத்து முட்டுக்கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள், சரிவில் சறுக்கி விளையாடுவார்கள். அங்கே வைத்து ‘செவன் சான்சஸ்’ கதையைச் சொல்லுங்கள். 1925இல் அந்தப் படத்தை முன்னோட்டமாகக் காட்டியபோது, மலைச்சரிவில் கீட்டன் ஓடிவரும் இடத்தில் தற்செயலாக இரண்டு மூன்று கல் உருண்டு அவர் பின்னால் வந்தது. சனங்கள் அதற்குத்தான் சிரித்தார்கள். உடனே போய்க் காகிதக் கூழிலும் பிளாஸ்டரிலும் சிறிதும் பெரிதுமாகப் பாறைகள் செய்து, சரிவில் உருட்டிவிட்டு, அவற்றுக்கு நடுவே ஓடி மறுபடி எடுத்தார். பார்க்கிறவர்கள் எங்கே சிரிக்கிறார்கள் என்று காதுகொடுத்துக் கேட்ட மனிதர். மைக்கைக் கையில் வைத்திருக்கும் நம் நண்பர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.

என்ன வரிசையில் போடலாம் என்று கேட்கிறவர்களுக்கு: சின்ன வகுப்புகளுக்கு முதலில் பாரிஸ் நாய், பிறகு ‘தி அட்வென்ச்சரர்’. எட்டாம் வகுப்புக்குமேல் ‘காப்ஸ்’. ‘தி ஜெனரல்’ ஒன்றேகால் மணி நேரம் ஓடும், அதைத் தனியாக ஒரு சனிக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பகலில் வேண்டாம். விளக்கு வைத்த பிறகு, பெற்றோரையும் கூப்பிட்டு, மைதானத்துச் சுவரில். வெள்ளைத் துணி என்னிடம் இருக்கிறது, 12 அடி அகலம், நான்கு மூலையிலும் கயிறு கோத்துத் தைத்தது. கடல்காற்றுக்குக் கிழியாது. சொல்லி அனுப்பினால் மாலை ஐந்து மணிக்கே வந்து கட்டித் தருகிறேன். வருகிற அன்று பம்பை வாசிக்கும் பிள்ளையை மட்டும் கொஞ்சம் முன்னாடியே வரச் சொல்லுங்கள், அவனுக்கு ஒருமுறை படத்தைத் தனியாகப் போட்டுக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
திருக்கழுக்குன்றத்திலிருந்து,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்